கருவியும் உரையும்

மதுரை மாநகரில் 1901-ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவரால் நிறுவப்பெற்ற தமிழ்ச் சங்கம், மறு ஆண்டே ‘செந்தமிழ்’ என்னும் திங்களிதழைத் தொடங்கிற்று. இதழ் என்று ஒன்று தோன்றினால் சந்தாவும் உடன் தோன்றும். சந்தா என்பது பாரசீகத்திலிருந்து வந்து தமிழில் குடியேறிய சொல். யார் பணம் செலுத்தினார், எத்திங்கள்வரை செலுத்தினார் என்பனவற்றைக் கணக்கர் பேரேட்டில் எழுதிவைப்பது பழைய வழக்கம். பேரேட்டில் ‘5’ என்றிருந்தால் அஃது ஐந்து ரூபாயா, ஐந்து அணாவா என்பதைக் கணக்கர் அறிவார். அறியாவிடின் அருகிலிருப்பவரைக் கேட்பார்.

இக்காலத்தில் மதுரையிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி முதலிய ஊர்களிலும் வாழ்வோர் திரைப்படத்திற்கும் பாடலுக்கும் கைப்பேசி வழியே சந்தா செலுத்துகின்றனர். அக்கணக்கைச் சரிபார்க்கும் பணியில் செயற்கை நுண்ணறிவு முகவர் புகுந்துள்ளது. முகவர் என்பது ஈண்டு ஆள் அன்று. இட்ட பணியை உணர்ந்து, அதற்குரிய கருவியைத் தானே தேர்ந்து இயக்கும் கணிப்பொறி நிரலாகும்.

சந்தாவின் நிலையைப் பார்த்துச் சொல்வது ஒரு கருவி. பணத்தைத் திருப்பியளிப்பது பிறிதொரு கருவி. ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயரும், பயனைக் கூறும் சிறு விளக்கமும், அதற்கு ஊட்டவேண்டிய செய்திகளின் பட்டியலும் உண்டு. இவற்றை முகவர்க்கு அறிவித்தற்கெனப் பொதுநெறி ஒன்றை ஆந்த்ரோப்பிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. கருவியின் உள்ளமைப்பை முகவர் பெரும்பாலும் காண்பதில்லை. விளக்கத்தை மட்டும் படித்தே அது செயற்படுகிறது.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் நூற்குற்றங்கள் பத்தினை வகுத்தார். அவற்றுள் முதலாவது குன்றக் கூறல். சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல் என்பது பொருள். கருவி விளக்கங்களில் பெருங்கேடு விளைப்பதும் அதுவே. மேலூரில் ஒருவர் திங்கள்தோறும் 499 ரூபாய் செலுத்துகிறார் என்று கொள்வோம். ரேசர்பே போன்ற பணப்பரிமாற்ற அமைப்புகள் தொகையைப் பைசாக் கணக்கிற் குறிக்கும். ஆகவே கருவி 49900 என்று விடை தரும். விளக்கத்தில் ‘தொகையைத் தரும்’ என்று மட்டும் இருப்பின், முகவர் அதனை ரூபாய் எனக் கொண்டு, மிகைக் கட்டணம் என முடிவு கட்டக்கூடும். திருப்பியளிக்கும்போதோ 499 என்றே ஊட்டிவிடும். மேலூரார்க்குக் கிடைப்பது நான்கு ரூபாய் தொண்ணூற்றொன்பது பைசா! ‘தொகை பைசாவில்’ என்னும் இரு சொற்கள் எழுதப்படாமையால் நேர்வது இது.

காலக் குறிப்பும் இத்தகையதே. பல கணிப்பொறிகள் உலகப் பொதுநேரத்தைக் கொண்டே பதிவு செய்கின்றன. இந்திய நேரமோ அதனினும் ஐந்தரை மணி முற்பட்டது. முதல் தேதி நள்ளிரவு 12.15 மணிக்குப் பிடித்த கட்டணம், பதிவில் முந்திய நாள் மாலை 6.45 எனக் காணும். நேரம் எவ்வகையது என்று விளக்கம் கூறாவிடின், சென்ற திங்கள் இருமுறை செலுத்தியதாகவும், இத்திங்கள் செலுத்தவே இல்லை என்பதாகவும் முகவர் கருதும். பணம் கட்டியவருடைய சந்தா அறுபடும்.

மயங்க வைத்தல் என்பது மற்றொரு குற்றம். ‘கட்டணம் சரிபார்’ என ஒரு கருவியும் ‘கட்டணம் சரிசெய்’ என ஒரு கருவியும் இருந்து, முன்னது பார்ப்பதோடு நிற்க, பின்னது தவறிய கட்டணத்தை மீண்டும் பிடிப்பதாயின், இவ்வேறுபாட்டை இரண்டன் விளக்கத்திலும் எழுதியாக வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கியின் விதி ஒன்றும் இங்கே நோக்கத்தக்கது. 2021 அக்டோபர் 1 முதல், அட்டை வழியே தானாகப் பிடிக்கும் சந்தாவிற்கு 24 மணி நேரத்திற்கு முன்பே அறிவிப்பு அனுப்புதல் வேண்டும் என்பது நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பு வேறு, பணம் பிடித்தல் வேறு. அறிவிப்புகளைத் தரும் கருவி அதனைத் தெளிவுறக் கூறாவிடின், ஒருமுறை செலுத்தியவர் இருமுறை செலுத்தியவராகத் தோன்றுவார்.

மிகைபடக் கூறலும் ஆகாது. நிறுவனத்தின் பெருமையை விளக்கத்தில் விரித்தெழுதுவோர் உளர். உரையாசிரியர் சிலர்க்கும் இவ்வியல்பு உண்டு.

நன்கமைந்த விளக்கம் ஒன்றைக் காண்போம்: “ஒரு சந்தாவிற்குப் பிடித்து முடிந்த கட்டணங்களைத் தரும். தொகை பைசாவில், நேரம் இந்திய நேரம். முன்னறிவிப்புகளும் தவறிய கட்டணங்களும் இதில் அடங்கா. இது பார்ப்பதற்கு மட்டும்; பணத்தைத் திருப்பியளிக்காது. சந்தா எண் தெரியாவிடின் முதலில் சந்தாவைத் தேடும் கருவியைப் பயன்படுத்துக.”

இவ்வாறு எழுதிய பின்னரும் அறிந்தோர் அதனைச் சோதிப்பர். விடை முன்பே தெரிந்த பழைய முறையீடுகளை முகவரிடம் கொடுத்து, அஃது எக்கருவியை எடுக்கின்றது, எதனை ஊட்டுகின்றது என்று நோக்குவர். “என் பணம் இருமுறை போய்விட்டது” என்ற முறையீட்டிற்கு முகவர் உடனே திருப்பியளிக்கும் கருவியை எடுக்குமாயின், முதலில் விளக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எச்சொல் அவ்வாறு எண்ணச் செய்தது என்று தேடித் திருத்துவர். திருத்தியபின் அதே முறையீட்டை மீண்டும் கொடுத்துப் பார்ப்பர்.