அத்திலாந்திக் தாண்டிய குட்டி விமானம் தெரியுமா?

ஐந்து கிலோ கூட இல்லாத ஒரு மொடல் விமானம் அத்திலாந்திக் சமுத்திரத்தையே தாண்டியது தெரியுமா? 2003 ஓகஸ்ட் 9ஆம் திகதி கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையில் நின்று கையால் எறிந்து விட்டார்கள். 38 மணி 52 நிமிடம் இடைவிடாமல் பறந்து, ஏறத்தாழ 3,030 கிலோமீற்றர் தள்ளி அயர்லாந்தில் போய் இறங்கியது! பல்சா மரச் சட்டம், மேலே மெல்லிய பிளாஸ்ரிக் தாள், நாலு லீற்றருக்கும் குறைந்த எரிபொருள். இவ்வளவுதான். அதற்கு முன் அனுப்பியவை கடலோடு போய்விட்டன. செய்தவர் அமெரிக்கரான மேனார்ட் ஹில். அப்போது அவருக்கு 77 வயது, பார்வை அநேகமாகப் போய்விட்டது, காதும் சரியாகக் கேட்காது. மொடல் விமானப் பொழுதுபோக்கில் இதைவிடப் பெரிய சாதனை எனக்குத் தெரியவில்லை.

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏற்றுகிறார்களே பட்டம், அதற்கும் விமானத்துக்கும் இரத்த உறவு உண்டு தெரியுமா? 1804இல் இங்கிலாந்தின் ஜோர்ஜ் கேலி ஒரு நீளத் தடியில் சாதாரணப் பட்டத்தையே இறக்கையாகக் கட்டி, பின்னால் அசைக்கக்கூடிய வால் வைத்துப் பறக்கவிட்டார். முன்னால் இறக்கை, பின்னால் வால் என்று இன்றைய விமானத்துக்கு இருக்கும் உருவம் அந்தக் குட்டி மொடலிலேயே வந்துவிட்டது!

ரைட் சகோதரர்கள்? 1878இல் தகப்பன் வாங்கிவந்த, றபர் முறுக்கில் மேலெழும் விளையாட்டுச் சாமான்தான் அவர்களின் முதற் குரு. அது பிரெஞ்சுக்காரர் அல்போன்ஸ் பெனோ உருவாக்கிய வகை. பொடியன்கள் அதைப் பார்த்துப் பெரிதாகச் செய்தார்கள். பெரிதாக்கப் பெரிதாக்கப் பறக்க மறுத்தது. நீள அகலம் இரண்டு மடங்கானால் வலு எட்டு மடங்கு வேண்டும் என்பது அந்த வயதில் அவர்களுக்குத் தெரியாது.

நடிகர் அஜித்குமாரும் மொடல் விமானம் பறக்கவிடும் கூட்டத்தில் ஒருவர். அவர் ஆலோசகராக இருந்த, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' அணி 2018இல் அவுஸ்திரேலியாவின் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது.

தண்ணீருக்கு வருவோம். ரேடியோவில் ஓடிய முதற் படகை 1898இல் நியூயோர்க்கில் நிக்கோலா டெஸ்லா காட்டினார். உள்ளே பழக்கிய குரங்கு ஒளிந்திருக்கிறது என்று கூடப் பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்களாம்!

எனக்கு அதைவிட ஆச்சரியம் திருவிழாக் கடையில் விற்கும் தகரப் படகு. சின்னத் திரியைக் கொளுத்தி வைத்தால் டப்டப்பென்று ஓடுமே, அதற்கு 1891இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார்கள். உள்ளே பிஸ்ரனும் இல்லை, பற்சில்லும் இல்லை. சூட்டில் நீராவி வந்து குழாய்த் தண்ணீரை வெளியே தள்ளும். குளிர்ந்ததும் அதே குழாய் தண்ணீரை உள்ளே இழுக்கும். தள்ளியதும் இழுத்ததும் ஒரே அளவென்றால் படகு நின்ற இடத்திலேயே ஆட வேண்டாமா? வெளியே போகிற தண்ணீர் ஒரே திசையில் பாய்கிறது, உள்ளே வருவது எல்லாப் பக்கத்தாலும் சேர்கிறது. ஊதினால் அணையும் மெழுகுதிரி உறிஞ்சினால் அணையாததைப் போலத்தான். காற்றில்லாத காலையில் செட்டிகுளத்துக் குளக்கரை ஒன்றில் விட்டுப் பாருங்கள்!

இனித் தரைக்கு வருவோம். செட்டிகுளத்துப் பிள்ளைகளுக்குக் கார் செய்யக் கடைச் சாமான் எதற்கு? மீன் ரின், பழைய செருப்பை வெட்டிய சில்லு போதும். நுங்குக் காலம் என்றால் இரண்டு கோம்பை, நடுவில் ஒரு தடி, தள்ள ஒரு கவர்த்தடி. தடியை இரு கோம்பையிலும் இறுக்கிச் செருகினால் நேரே அருமையாக ஓடும். திருப்பினால் ஒரு பக்கச் சில்லு இழுபடும். ஏனென்றால் வளைவில் வெளிச்சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும். ஒரு பக்கத் துளையைக் கொஞ்சம் பெருப்பித்தால் வண்டில் லேசாகத் திரும்பும். இதே சிக்கலுக்காகத்தான் 1820களின் கடைசியில் பிரான்ஸின் பெக்கர் தன் நீராவி வண்டிக்கு டிஃபரன்ஷியல் பற்சில்லைக் கண்டுபிடித்தார். இன்று வீதியில் போகும் அநேகமான கார்களில் அது இருக்கிறது!