காலுக்கடியில் என்ன இருக்கிறது? - றப்பர் படகு வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி

2016ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பகுதிகளில் வீதிகளெல்லாம் வாய்க்கால்களாயின. கடற்படையினரும் இராணுவத்தினரும் படகுகளில் சென்று மக்களை ஏற்றி வந்தனர். ஆனால் எத்தனை படகுகள் வந்தாலும் ஒரே நேரத்தில் எல்லா ஒழுங்கைகளுக்கும் போய்விட முடியாது. எனவே, வெள்ளம் வழக்கமாக ஏறும் ஊர்களில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தோ, ஊர்ச் சங்கத்தின் மூலமோ சிறிய றப்பர் படகொன்றை வாங்கி வைத்தால் என்ன என்று யோசிப்பது இயல்பே.

அந்தப் பேச்சு வரும்போது வீட்டு ஆண்கள் விலையைப் பற்றியும் இயந்திரத்தைப் பற்றியும் பேசுவார்கள். வாசகிகளே, நீங்கள் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "படகின் தளம் என்ன வகை?" ஏனெனில், அதில் முதலில் ஏறப்போவது முழங்கால் வலியுள்ள உம்மம்மாவும், கர்ப்பிணி மகளும், கைக்குழந்தையோடு நிற்கும் அடுத்த வீட்டுத் தாயும்தான்.

மிதப்பது வேறு, நிற்பது வேறு

றப்பர் படகை மிதக்க வைப்பது அதன் ஓரங்களில் உள்ள காற்றுக் குழாய்கள். அவற்றுக்குக் கீழே இருப்பது தடித்த துணி போன்ற ஒரு விரிப்பு மட்டுமே. வெறும் விரிப்பில் கால் வைத்தால் ஏணைச் சீலைக்குள் கால் வைத்தது போல அமிழும்; படகும் நடுவில் மடியும். அதைத் தடுக்கத்தான் விரிப்பின் மேல் ஒரு தளம் போடுகிறார்கள். மடித்து எடுத்துச் செல்லக்கூடிய படகுகளில் அது மூன்று வகைப்படும்.

சட்டத் தளம்: மரச் சட்டங்களை இடைவெளி விட்டு வரிசையாக அமைத்தது. படகோடு சேர்த்துப் பாய் போலச் சுருட்டலாம். விலை குறைவு; பொருத்தும் வேலையும் இல்லை. குளத்தில் துடுப்புப் போட இது போதும். ஆனால் சட்டங்களுக்கிடையே கால் அமிழும். எழுந்து நின்றால் தள்ளாடும். உள்ளே சேரும் நீர் காலடியிலேயே கிடந்து, உட்கார்ந்திருப்பவரின் அபாயாவையும் சேலையையும் நனைக்கும்.

பலகைத் தளம்: பிளைவூட் அல்லது அலுமினியத் துண்டுகளை ஒன்றோடொன்று கோர்த்து, இரு ஓரங்களிலும் நீண்ட சட்டம் பூட்டி இறுக்குவது. வீட்டுத் தரையில் நிற்பது போல உறுதியாக நிற்கலாம். இயந்திரம் பூட்டி விரைவாகச் செல்லவும் ஏற்றது. குறை என்னவென்றால் பாரம். மூன்று மீற்றர் அளவான படகு அலுமினியத் தளத்தோடு 40 முதல் 50 கிலோ வரை இருக்கும். துண்டுகளைப் பூட்டும்போது விரல் நசுங்குவதும் உண்டு. மின்சாரம் இல்லாத இரவில், மழைக்குள், பழக்கமில்லாதவர் செய்யக்கூடிய வேலையல்ல.

காற்றுத் தளம்: இது மெத்தை போன்ற ஒரு தனிப் பை. அதன் மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் இடையே ஆயிரக்கணக்கான நூல்கள் இழைக்கப்பட்டிருக்கும். காற்றடைத்தால் பை பலூன் போல உப்பாது. நூல்கள் இழுத்துப் பிடிப்பதால் பலகை போலத் தட்டையாக விறைத்து நிற்கும். இது புதிய சங்கதியல்ல. 1956இல் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் இந்த முறையில் காற்றடைத்த இறக்கைகளோடு ஒரு சிறு விமானத்தையே செய்து பறக்கவிட்டது. காற்றுத் தளமுள்ள படகைச் சுருட்டியபடி இருவர் தூக்கிச் செல்லலாம். உட்காருபவரின் முழங்காலுக்கும் இதம். காலும் நீருக்கு மேலே இருக்கும்.

ஆனால் காற்றுத் தளத்துக்குப் போதிய அழுத்தம் வேண்டும். ஓரக் குழாய்களுக்குச் சதுர அங்குலத்துக்கு மூன்று, நான்கு இறாத்தல் போதும்; தளத்துக்குப் பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு இறாத்தல் தேவை. கையால் அமுக்கிப் பார்த்து மதிப்பிட முடியாது. மானி பொருத்திய பம்பு கட்டாயம் வேண்டும். சரியான அளவு படகோடு வரும் கைநூலில் இருக்கும். வெயிலில் காற்று விரியும். குளிர்ந்த நீரில் இறக்கியதும் அழுத்தம் குறையும். ஆகவே நீரில் இறக்கிய பின்னர் மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

மடிக்க முடியாத நான்காவது வகையொன்றும் உண்டு. 1964இல் வேல்ஸ் நாட்டின் அட்லாண்டிக் கல்லூரியில், ரியர் அட்மிரல் டெஸ்மண்ட் ஹோரும் மாணவர்களும் தங்கள் மீட்புப் படகின் அடி விரிப்புக் கிழிந்துபோக, அதற்குப் பதிலாக ஒரு பிளைவூட் பலகையை ஒட்டிப் பார்த்தார்கள். அந்த ஒட்டு வேலையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று உலகெங்கும் மீட்புப் பணியில் ஓடும், அடி கெட்டியான றப்பர் படகு. மிகச் சிறந்தது, ஆனால் வைக்க இடமும் இழுத்துச் செல்ல வண்டியும் வேண்டும்.

ஆணி குத்தினால்?

இதுதான் எல்லோருக்கும் வரும் பயம். வெள்ள நீருக்கடியில் தகரம், முட்கம்பி, உடைந்த கண்ணாடி எல்லாம் கிடக்கும். மடிக்கும் படகுகள் மூன்றிலும் அடியில் இருப்பது அதே விரிப்புத்தான் என்பதை மறவாதீர்கள். அலுமினியத் தளம் விரிப்புக்கு மேலே இருப்பதால் அதைக் கிழியாமல் காக்காது. விரிப்புக் கிழிந்தால் நீர் உள்ளே வரும். காற்றுத் தளமே ஓட்டையானால் காலடி தளர்ந்துவிடும். ஆனாலும் ஓரக் குழாய்களில் காற்று இருக்கும்வரை படகு மிதக்கும். அதனால்தான் குழாய்கள் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்ட படகையே வாங்கவேண்டும்.

எதை எடுப்பது?

துடுப்புப் போட்டு, வீட்டிலிருந்து மேட்டு நிலம்வரை ஆட்களைக் கொண்டு சேர்ப்பதே நோக்கமென்றால், என் தெரிவு காற்றுத் தளம்தான். முறையாகப் பழகிய இளைஞர் குழுவும் இயந்திரமும் இருந்தால் அலுமினியத் தளம் நல்லது. மலிவு என்பதற்காக மட்டும் சட்டத் தளத்தை வெள்ளத்துக்கு எடுக்கவேண்டாம்.

வாங்கியதும் மூடி வைத்துவிடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் முற்றத்தில் விரித்துப் பெண்களும் காற்றடித்துப் பழகுங்கள். சவர்க்கார நீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும். ஓரிரவு அப்படியே விட்டு, காலையில் மானியைப் பாருங்கள். பாவித்த பின் தளத்துக்கும் விரிப்புக்கும் இடையில் சிக்கிய மணலைக் கழுவி விடுங்கள். அது அரத்தைப் போல அராவித் தேய்க்கும். நன்றாகக் காயவைத்து, எலி அண்டாத இடத்தில் வையுங்கள்.

படகில் எழுதியுள்ள ஆட்கணக்கைத் தாண்டி ஒரு பிள்ளையைக்கூட ஏற்றாதீர்கள். ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கட்டும். நீர் இழுத்து ஓடும் இடத்தில் எந்தத் தளமும் உதவாது. அங்கே படகை இறக்காமல், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள்.