உங்களுக்குத் தெரியுமா? பத்துப் பேருக்கு மட்டும் வரிசை!

2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 ஒரு கட்டுப்பாடு விதித்தது: கணினி வெளியே அனுப்பும் இணைப்பு முயற்சிகளில், பதிலுக்குக் காத்திருப்பவை ஒரே நேரத்தில் 10-ஐத் தாண்டக் கூடாது. கணினிப் புழுக்கள் பரவும் வேகத்தைக் குறைப்பதே நோக்கம்.

விருத்தாசலத்தின் ரயில் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். டிக்கெட் வரிசையில் 10 பேர்தான் நிற்கலாம், ரயிலேறிவிட்டவர்களுக்கு வரம்பில்லை என்று வைத்துக்கொள்வோம். அதுபோலத்தான், கிடைத்துவிட்ட இணைப்புகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

கோப்புப் பகிர்வுக்கான பிட்டொரென்ட் ஏராளமான முகவரிகளைத் தட்டிப் பார்க்கும். அணைந்துகிடக்கும் கணினிகள் பதில் தராமல் வரிசையை அடைத்துக்கொள்ள, பதிவிறக்கம் வேகம் பிடிக்கத் தாமதமானது. வரம்பை எட்டியதும் விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 4226 என்ற எண் தோன்றியது.

2009-இல் விஸ்டா சர்வீஸ் பேக் 2, விண்டோஸ் 7 ஆகியவற்றில் இந்த வரம்பு நீங்கியது.