மணல்மேட்டில் ஒரு நெட்டைக்காலன்

எட்டுக் கால் இருந்தால் சிலந்திதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஹார்வெஸ்ட்மேனும் அப்படி மாட்டிக்கொண்ட பிராணி. சிலந்தியின் உடல் நடுவில் இடுங்கி இரண்டாகத் தெரியும். இதற்கு மிளகளவில் ஒரே உருண்டை. நூல் நூற்காது. கொடிய விஷம் உண்டு என்று சொல்வதெல்லாம் புரளி. விஷச் சுரப்பியே கிடையாது. முதுகு மேட்டில் இரண்டு கண்கள் இருந்தாலும், மற்றவற்றைவிட நீண்ட இரண்டாம் ஜோடிக் கால்களால் துழாவித்தான் வழி தேடும். அந்தக் கால்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டு, நுனிவரை மெதுவாக இழுத்துச் சுத்தம் செய்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

பிரிட்டனின் கடலோர மணல்மேடுகளில் ஃபலாஞ்சியம் ஒபிலியோ, ஒபிலியோ சாக்சாடிலிஸ் என்ற இனங்கள் வாழ்கின்றன. உடலின் ஈரத்தை எளிதில் இழக்கும் பிராணிக்கு இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது. கோடைப் பகலில் மணல் சுடும், காற்று ஓயாது. மாரம் புல்தான் காப்பாற்றுகிறது. அதன் அடித்தூரில் காய்ந்த தாள்கள் குவிந்து நிழலும் ஈரமும் தங்கும். மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் பாசி படர்ந்திருக்கும். பகலெல்லாம் இப்படிப்பட்ட இடங்களில் பதுங்கிவிட்டு, இருட்டியதும் இரை தேடக் கிளம்பும். அசுவினி, சிறு பூச்சி, செத்த பூச்சி எதுவானாலும் சரி. சிலந்தியைப் போல உறிஞ்சாமல் துண்டு துண்டாக மென்று தின்னும்.

பறவையோ வண்டோ காலைப் பிடித்தால், காலைக் கழற்றிவிட்டு ஓடிவிடும். கழன்ற கால் சற்று நேரம் துடித்து எதிரியின் கவனத்தைத் திருப்பும். ஆனால் போன கால் மறுபடி முளைக்காது.

ஃபலாஞ்சியத்தின் ஆயுள் அங்கே ஏறக்குறைய ஒரு வருடம்தான். இலையுதிர் காலத்தில் பெண், நீண்டு சுருங்கும் முட்டையிடும் குழாயை ஈரமண் இடுக்கில் செலுத்தி முட்டையிடும். குளிரில் பெரியவை மடிந்துபோகும். முட்டை மட்டும் மண்ணுக்குள் பிழைத்திருக்கும். வசந்தத்தில் பொரிக்கும் குஞ்சு, பல முறை தோலுரித்து வளரும். தலைகீழாகத் தொங்கியபடி ஒவ்வொரு நெடுங்காலையும் பழைய உறையிலிருந்து உருவ வேண்டும், ஆபத்தான வேலை. கோடையில் முதிர்ந்த ஆணுக்குத் தாடையில் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். போட்டிக்கு வரும் ஆணோடு மோத அது உதவுகிறது.

இந்த உடலமைப்பு புதிதல்ல. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 41 கோடி ஆண்டு பழைய புதைபடிவத்திலும் அதே நெடுங்கால்களும் அதே முட்டையிடும் குழாயும் இருக்கின்றன.