பைக்கை இறக்க சஸ்பென்ஷன் மாத்தப் போறீங்களா? முழு பில்லையும் பார்த்துட்டுப் போங்க

இஎம்ஐல ஆசைப்பட்ட பைக் வாங்கியாச்சு. ஆனா திருவானைக்காவல்ல இருந்து காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள, நிக்கிற இடத்துல எல்லாம் கால் நுனி மட்டும்தான் தரையில படுதா? "குட்டை ஷாக் அப்சார்பர் போட்டு இறக்கிடலாம்"னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லுவாங்க. இறக்கலாம். ஆனா செலவு ஷாக் விலையோட நிக்காது.

ஒண்ணை மாத்தினா நாலு மாறும்

பின்பக்கம் மட்டும் இறக்கினா ஹேண்டில் திரும்புறது மந்தமாகும், ஹெட்லைட் வெளிச்சம் மேல ஏறும். அதைச் சமன் பண்ண முன்பக்க ஃபோர்க்கையும் இறக்கணும். அப்போ சைடு ஸ்டாண்டு நீளமாகி, வண்டி நிமிர்ந்து நின்னு எதிர்ப்பக்கம் சாயும். அதையும் வெட்டி வெல்டிங் பண்ணணும்.

வேகத்தடை கணக்கு

கிளாசிக் 350-யோட கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மி.மீ. ரெண்டு பக்கமும் 25 மி.மீ. இறக்கினா மிச்சம் 145. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை உயரம் 100 மி.மீ., அகலம் 3.7 மீட்டர். நம்ம தெருவுல இருக்கிற குறுகலான மேடுகள் அந்த அளவுல இல்லைன்னு உங்களுக்கே தெரியும். பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்தா வண்டி இன்னும் அமுங்கும். அடி வாங்குறது சைலன்சரும் இன்ஜின் அடிப்பகுதியும்.

சட்டமும் இன்சூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, ஆர்.சி. விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததுல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. வண்டியோட அடிப்படை அம்சம் மாறினாத்தான் அது 'மாற்றம்'. அதே அளவு ஷாக் போடுறது வெறும் ஸ்பேர் பார்ட்ஸ் வேலை. ஆனா அனுமதியில்லாத மாற்றத்துக்கு, 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவு, ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டுமேன்னு சொல்லுது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லாம மாத்தினா, விபத்து கிளைம் அப்போ கேள்வி வரும். வாரண்டி புத்தகத்தையும் ஒருமுறை படிச்சிடுங்க.

முதல்ல இதைச் செய்யுங்க

1. ப்ரீலோடைக் குறைச்சுப் பாருங்க. சர்வீஸ்ல கேட்டாலே செய்வாங்க. ரெண்டு பேர் போறப்போ மறுபடி ஏத்திக்கணும்.
2. கம்பெனியோட லோ சீட் இருக்கான்னு கேளுங்க. ஹிமாலயன் 450-ல 825 மி.மீ. சீட்டை இப்படி 805-க்கு கொண்டு வரலாம். சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம்.
3. இல்லைன்னா சீட் கடையில ஃபோமைக் குறைச்சு, ஓரத்தைச் செதுக்கச் சொல்லுங்க. பிடிக்கலைன்னா பழைய ஃபோமுக்கே திரும்பலாம்.

காசுக் கணக்கு

ஷாக், ஃபிட்டிங், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். உங்க இஎம்ஐ 5,000-ன்னா அது மூணு மாசத் தவணை. விக்கிறப்போ அந்தக் காசு திரும்பாது. பழைய ஷாக்கைக் கேக்குறவங்கதான் அதிகம், அதனால அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

இன்னும் பைக் வாங்கலையா? ரொம்ப நல்லது. ஷோரூம்ல ஷூ போட்டு உட்கார்ந்து, ரெண்டு காலும் தரையில படுதான்னு பாருங்க. அந்த ரெண்டு நிமிஷத்துக்குச் செலவே இல்ல.