மண்ணுக்கும் உபகாரம் செய்யும் கட்டடம்



மதரஸாவுக்குப் புதிய வகுப்பறை கட்டுவது பற்றி நம் டிரஸ்டில் பேசி வருகிறோம். ஷீட் போட்டால் செலவு குறையும். ஆனால் சித்திரை வெயிலில் பிள்ளைகள் உள்ளே உட்கார முடியாது. முழுக்க கான்கிரீட் என்றால் நம் கையிருப்பு தாங்காது. முடிவெடுக்கும் முன், கட்டடத்தை மண், மரம், தண்ணீரோடு சேர்த்து யோசித்த ஓர் ஊரைப் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகப் போனால், புதுச்சேரிக்குச் சற்று முன்பு ஆரோவில் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28-ல் அது தொடங்கப்பட்டபோது அந்த மேட்டுநிலம் வெறும் செம்மண் பொட்டல். மரங்கள் அழிந்துபோயிருந்ததால், ஒவ்வொரு மழையும் மேல்மண்ணை அரித்துக் கடலில் சேர்த்தது. அங்கே குடியேறியவர்கள் சுற்றுக் கிராமத்து ஆட்களோடு சேர்ந்து நிலத்தில் மண்கரை போட்டார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். ஓடிய தண்ணீர் நின்று நிலத்தில் இறங்கியது. அந்த மண்ணுக்கே உரிய மரங்களையும் நட்டார்கள். பொட்டலாகக் கிடந்த இடத்தில் இன்று காடு நிற்கிறது.

வீடு கட்டுவதிலும் அதே கணக்குத்தான். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு, அடியில் உள்ள மணற்பாங்கான மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, விறகு மிச்சம். நான்கு வாரம் ஈரம் காயாமல் காத்தால் கல் உறுதிப்படும். மண் எடுத்த பள்ளத்தில் மழைநீரைத் தேக்கலாம். கூரையைக்கூட இந்தக் கல்லாலேயே வளைவாகவும் கும்மட்டமாகவும் எழுப்புகிறார்கள். பார்க்க அழகு, அந்த அழகு கொத்தனாரின் கைத்திறனால் வருவது. செலவில் கணிசமான பங்கு உழைப்பவரின் கூலியாகிறது.

இம்முறையில் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992-ல், ஏழைகளுக்கான கட்டடக்கலைக்காக ஹசன் ஃபத்ஹி பெயரில் அமைந்த விருது கிடைத்தது. அவர் எகிப்து நாட்டுக் கட்டடக் கலைஞர். 1940-களில் லக்ஸர் அருகே புது குர்னா என்ற கிராமத்தை, பள்ளிவாசல், சந்தை, வீடுகள் உட்பட, சுடாத மண்கல்லால் வடிவமைத்தார். சென்ட்ரிங் பலகை இல்லாமல் வளைகூரை எழுப்பத் தெரிந்த நூபியக் கொத்தனார்களை அழைத்து வந்தார். ஆனால் பழைய ஊரைவிட்டு வர மக்களில் பெரும்பாலோர் சம்மதிக்கவில்லை. அவர்களுடைய பிழைப்பு அங்கேதான் இருந்தது. கிராமம் பாதியிலேயே நின்றுபோனது. குடியிருப்பவரிடம் கேட்காமல் கட்டினால், எவ்வளவு அழகான கட்டடமும் ஊராகாது.

நம் பர்கூரிலோ பாறை நிலம். எல்லா மண்ணும் இந்தக் கல்லுக்கு ஒத்து வராது. களிமண் மிகுந்தால் வெடிக்கும். ஆகவே மண்ணைச் சோதித்துப் பார்த்த பிறகே பேச வேண்டும். அஸ்திவாரத்துக்குக் கருங்கல் பக்கத்திலேயே கிடைக்கிறது. சாரல் சுவரில் படாதபடி கூரையை வெளியே நீட்ட வேண்டும். இவ்வேலை பழகிய ஒரு கொத்தனார் வந்தால், நம் இளைஞர்கள் சிலர் கூடவே நின்று தொழிலையும் கற்றுக்கொள்ளலாம்.

கட்டடம் எப்படி அமைந்தாலும் ஒன்றை உடனே செய்யலாம். உளூ செய்யும் தண்ணீரில் சோப்பு கலப்பதில்லை. ஆனாலும் அது சாக்கடைக்குத்தான் போகிறது. மணலும் ஜல்லியும் நிரப்பிய சிறு குழி வழியாக அதைத் திருப்பினால், மேற்குச் சுவருக்கு நிழல் தரும் வேம்பும் புங்கனும் வளரும். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதக்கா ஆகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை நாம் அறிவோம்.

அந்த வகுப்பறையில் உட்காரப் போவது உங்கள் பிள்ளைகள். ஆகவே தாய்மார்களும் பிள்ளைகளும்கூட எந்தப் பக்கம் ஜன்னல் வேண்டும், எங்கே மரம் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அவற்றைப் படித்த பிறகே வரைபடம் போடுவோம், இன்ஷா அல்லாஹ்.