ஐந்து பல்புகளும் ஒரு பேராசிரியரும்

ஒரே மாதிரியான ஐந்து பல்புகள். ஒன்று மட்டும் தனியாக ஒரு பேட்டரியோடு, இரண்டு தொடரிணைப்பில், இரண்டு பக்க இணைப்பில். பேட்டரிகளிலும் வேறுபாடில்லை. எது அதிகம் ஒளிரும், எது மங்கும்? கணக்கே போட வேண்டாம். ஆனாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் சுமார் 15 சதவீதம் பேரே சரியாகச் சொன்னார்கள். பாடம் நடத்துவதற்கு முன் கேட்டாலும் பின் கேட்டாலும் இதே கதைதான்.

கேட்டவர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிலியன் மெக்டெர்மட். அணுக்கரு இயற்பியலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1959-இல் முனைவர் பட்டம் பெற்றவர். கணவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையிலேயே இருந்ததால், உறவினரைப் பணியில் அமர்த்தக் கூடாது என்ற விதி அவரைப் பல ஆண்டுகள் வெளியே நிறுத்தியது. பிறகு இயற்பியல் பேராசிரியர் ஆர்னால்ட் ஏரன்ஸோடு சேர்ந்து பள்ளி ஆசிரியர்களுக்கு இயற்பியல் கற்பிக்கப் போனார். அவர் வாழ்க்கை திசைமாறியது அங்கேதான்.

தப்பான விடைக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு நகர்வதே வழக்கம். மெக்டெர்மட் அங்கேயே நின்றார். மாணவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, இரண்டு உருண்டைகளை ஓடவிட்டு, "இவை எப்போது ஒரே வேகத்தில் போகின்றன?" என்று கேட்டது அவரது குழு. இரண்டும் பக்கம் பக்கமாக வரும் கணத்தைப் பலர் காட்டினார்கள். இருக்கும் இடத்தையே வேகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்! பல்பு விஷயத்திலும் அப்படித்தான்: முதல் பல்பு மின்னோட்டத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்று நம்பினார்கள். இது கவனக்குறைவல்ல, ஒழுங்கான ஒரு தப்புக் கோட்பாடு. நல்ல விரிவுரைகூட அதைத் தொடாது.

இந்த ஆராய்ச்சி கல்வியியல் துறைக்குப் போகாமல் இயற்பியல் துறைக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மாணவர் எங்கே இடறுகிறார் என்பது இயற்பியலை ஆழமாக அறிந்தவருக்கே தெரியும். அவருடைய மாணவர்கள் இதற்காக இயற்பியலிலேயே முனைவர் பட்டம் வாங்கினார்கள். என் பார்வையில் அவருடைய மிகப் பெரிய வெற்றி இதுவே.

கண்டறிந்ததைப் பயிற்சித்தாள்களாக மாற்றினார். சிறு குழுக்களாக உட்காரும் மாணவர்களுக்கு ஆசிரியர் விடை சொல்வதில்லை, மேலும் கேள்விதான் கேட்பார். பலன் தராத தாள் திருத்தி மறுபடி சோதிக்கப்பட்டது.

2001-இல் ஓர்ஸ்டெட் பதக்கம் பெற்ற அவர், 2020-இல் மறைந்தார். அவர் சோதித்தது கல்லூரி மாணவர்களை மட்டுமல்ல; பல்புக் கேள்வியை இயற்பியல் ஆராய்ச்சி மாணவர்களிடம் கேட்டபோதுகூடச் சுமார் 70 சதவீதம் பேரே சரியாகச் சொன்னார்கள். அதனால் அவர் குழுவில் வகுப்பெடுக்கப் போகிறவர்களும் வாராவாரம், மாணவர்கள் எழுதும் அதே தேர்வை அவர்களுக்கு முன்பே எழுதியாக வேண்டியிருந்தது.